தங்கச்சிக்கு: ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு வடக்கே போகும்போது

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அண்ணா, மேப் போட்டுட்டு அது சொல்ற வழியில போனா போதாதா?" என்று கேட்டாய். "போதாதும்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ரிச்மண்டிலிருந்து மெய்ன் வரைக்கும் முதல் தடவையாக ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு போகப் போகிறாய். நடுவில் வாஷிங்டன், பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், பாஸ்டன் என்று ஐந்து பெரிய ஊர்கள் ஐ-95 என்கிற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஓரமாகவே வரிசையாக நிற்கின்றன. நான் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் இதை எழுதியாக வேண்டும்.

கைபேசியில் இருக்கும் வரைபடம் உன்னைக் கார் ஓட்டுகிறவளாகத்தான் நினைத்துக்கொள்கிறது. உன் பின்னால் 26 அடி நீளத்தில் ஒரு வீடு வருகிறது, அதன் கூரைமேல் ஏசி துருத்திக்கொண்டிருக்கிறது, மூக்கில் இரண்டு புரொபேன் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் மிச்சமாகும் என்றால் எந்த வழியிலும் உன்னைத் திருப்பிவிடும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்களை அப்படித்தான் திருப்பிவிட்டது. நியூயார்க்குக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் பக்கம் ஐ-287இல் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் நெரிசல் என்று சொல்லி வலப்பக்கம் இறங்கச் சொன்னது, இறங்கினேன். ரோடு திடீரென்று குறுகிவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள், ஓரத்தில் ஒதுங்க ஒரு முழ இடம் இல்லை. வளைவு திரும்பியதும் கருங்கல்லில் கட்டிய ஒரு வளைவுப் பாலம். அதன்மேல் மஞ்சள் பலகை. எண்ணைப் படித்ததும் எனக்குக் கை வேர்த்துவிட்டது. நம் ட்ரெய்லரைவிட இரண்டு அடி தாழ்வு. ஹசார்ட் விளக்கைப் போட்டு நிறுத்தினேன். அண்ணி இறங்கிப் பின்னால் ஓடிப்போய் வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டினாள். குழந்தை பின்சீட்டில் அழவே இல்லை, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து பின்னால் வந்த எல்லா வண்டியையும் தடுத்து நிறுத்தி, நான் இறங்கி வந்த ராம்ப் முழுவதும் என்னைப் பின்னோக்கி ஏற்றிவிட ஒரு மணி நேரம் ஆனது. பாலத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நாற்பது அடிதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த ரோடுகளுக்குப் பெயர் பார்க்வே. போன நூற்றாண்டின் முதல் பாதியில், காரில் உல்லாசமாகப் போகிறவர்களுக்காகவே கட்டியவை. ஹட்சின்சன், சா மில் எல்லாம் அந்த வகை. கனெக்டிகட்டில் நுழைந்ததும் ஹட்சின்சனே மெரிட் பார்க்வேயாகிவிடும். மெரிட் பாலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், பார்க்க அத்தனை அழகு. ஆனால் லாரிக்கும் ட்ரெய்லருக்கும் அங்கே அனுமதியே கிடையாது. நியூயார்க், கனெக்டிகட் பக்கம் பலகையில் பார்க்வே என்ற வார்த்தையைப் பார்த்தால், மேப் என்ன சொன்னாலும் நேராகப் போய்விடு.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. இந்த வாரமே ஏணி வைத்து ஏறி, தரையிலிருந்து ஏசியின் உச்சி வரைக்கும் டேப் பிடித்து அள. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை நம்பாதே. ஏசி மாற்றியிருக்கலாம், ட்ரக்கோடு ட்ரெய்லரைப் பூட்டுகிற ஹிட்ச் உயரத்தில் மூக்கு தூக்கியிருக்கலாம். வந்த அளவோடு மூன்று நாலு அங்குலம் கூட்டி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டு. ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்தையும் அதிலேயே எழுது. இன்டர்ஸ்டேட் பாலங்களைப் பற்றிப் பயமில்லை, நகரத்துக்குள்ளேயே குறைந்தது 14 அடி இருக்கும்படிதான் கட்டுகிறார்கள். தொல்லை எல்லாம் இன்டர்ஸ்டேட்டை விட்டு இறங்கிய பிறகுதான். உயரம், நீளம், எடை, புரொபேன் எல்லாவற்றையும் கொடுத்தால் அதற்குத் தகுந்த வழி காட்டுகிற, இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கான ஆர்வி ஜிபிஎஸ் கருவிகள் இருக்கின்றன. கார்மின் கம்பெனி போடுகிறது. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒன்று வாங்கிவிடு.

இப்போது வழிக்கு வருகிறேன். நேராக ஐ-95இல் போனால் உனக்கு முதல் முட்டுக்கட்டை பால்டிமோர். அங்கே ஐ-95 ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்துக்குள் நுழைகிறது, ஐ-895 ஹார்பர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சிலிண்டர் ஒன்றுக்குப் பத்து பவுண்டுக்கு மேல் புரொபேன் இருந்தால் இரண்டுமே உனக்கு இல்லை. உன்னுடையது இருபது பவுண்டு சிலிண்டர். "வால்வை மூடிட்டுப் போனா?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். மூடினாலும் கூடாது. முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்கள் சுரங்கத்தைத் தவிர்த்து ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகப் போவோம். 2024 மார்ச் 26 விடியற்காலையில் ஒரு சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்தது நினைவிருக்கும். மேலே குழி அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் போய்விட்டார்கள். அவர்களை நினைக்காமல் அந்தப் பக்கம் என்னால் போக முடிவதில்லை. இப்போது புரொபேன் வண்டிக்கு மிஞ்சியது ஐ-695இன் மேற்கு வளையம்தான், டவ்சன் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். வார நாளில் அதில் சாயங்காலம் மாட்டினால் அவ்வளவுதான்.

அதனால் என் யோசனை இது: வாஷிங்டனையும் பால்டிமோரையும் தொடவே தொடாதே. ஐ-95இல் ஃப்ரெடரிக்ஸ்பர்க் வருவதற்கு முன்னாலேயே, 104ஆம் எக்ஸிட்டில் கார்மெல் சர்ச்சில் இறங்கு. 207ஐப் பிடித்து பௌலிங் கிரீன் போனால் 301 வரும். அதுதான் உன் ரோடு. பொட்டோமாக் ஆற்றை ஹாரி நைஸ் பாலத்தில் கடப்பாய். முன்பு அது இரண்டே லேன் கொண்ட பழைய பாலம், எதிரே லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவோம். 2022இல் நான்கு லேனோடு புதுப்பாலம் திறந்துவிட்டார்கள். அப்புறம் வால்டார்ஃப். அங்கே சிக்னல் மேல் சிக்னல், விடிகாலையில் கடந்துவிட்டால் தெரியாது. பிறகு 50இல் கிழக்கே திரும்பினால் செசபீக் பே பாலம்.

பே பாலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் உன் பயணத்தில் மனசு படபடக்கும் இடம் அதுதான். நீளம் 4.3 மைல். கப்பல் போகிற நடுப்பகுதியில் தண்ணீருக்கு மேலே 186 அடி. கிழக்கே போகிற உனக்குக் கிடைப்பது 1952இல் கட்டிய பழைய பாலம், இரண்டு லேன், ஒதுங்க இடமே கிடையாது. வலது லேனில் நிதானமாகப் போ. பின்னால் வருகிறவன் அவசரப்பட்டால் படட்டும். கூட்டம் அதிகமானால் கிழக்கே போகிறவர்களுக்கும் பக்கத்துப் பாலத்தில் ஒரு லேன் திறந்துவிடுவார்கள். அதில் எதிரே வண்டி வரும், அந்த லேனுக்குப் போகாதே. முக்கியமான விஷயம் காற்று. ட்ரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். காற்று ஓங்கினால் ட்ரெய்லர்களைப் பாலத்தில் ஏற விடமாட்டார்கள். கிளம்புகிற அன்று காலை மேரிலாண்ட் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பாலத்தின் நிலவரத்தைப் பார். தடை என்றால் அன்றைக்கு ஐ-95இல் ஏறி, வாஷிங்டனை ஐ-495இல் சுற்றி, பால்டிமோரை ஐ-695 மேற்கில் சுற்று. இரண்டு வழியையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள், ரோட்டில் போகும்போது யோசிக்க வேண்டியதாக இருக்கக் கூடாது.

பாலம் தாண்டிவிட்டால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். கரையோர வயல்கள், தட்டையான ரோடு, லாரி குறைவு. டெலவேரில் 301 2019இல் திறந்த புது டோல் ரோடாகிவிடுகிறது. அது முடிகிற இடத்தில் டெலவேர் 1 என்கிற ரோடு, பிறகு டெலவேர் மெமோரியல் பாலம், அங்கிருந்து நியூ ஜெர்சி டர்ன்பைக் என்கிற டோல் ரோடு. ஃபிலடெல்ஃபியாவும் இதிலேயே ஒதுங்கிவிடுகிறது. டர்ன்பைக்கில் 6ஆம் எக்ஸிட்டுக்கு மேல் ரோடு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டாகப் பிரியும். உள்ளே இருப்பது கார்களுக்கு மட்டும். லாரி, பஸ் போகிற வெளிப்பாதை உன்னுடையது. 10ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் எடிசன், அக்கா வீடு.

எந்த வழி என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிசு, தங்கச்சி. கோடையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பே பாலத்துப் பக்கம் போய்விடாதே, ஊர் முழுக்கக் கடற்கரைக்குக் கிளம்பி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கூட்டம் திரும்பும், ஆனால் அது உனக்கு எதிர்த்திசை. ஆகவே ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ரிச்மண்டில் கிளம்பு. எட்டு மணிக்கெல்லாம் பாலத்தைத் தாண்டிவிடுவாய், மத்தியானச் சாப்பாட்டுக்கு எடிசன். திங்கள் முழுக்க அக்காவோடு இரு. ட்ரெய்லரை அவள் தெருவில் நிறுத்தாதே, பக்கத்தில் ஒரு கேம்ப் கிரவுண்டில் இடம் எடுத்துக் கழற்றி விட்டுவிட்டு வெறும் ட்ரக்கோடு போ. மன்ஹாட்டன் பார்க்க ஆசை என்றாயே, ரயிலில் போய்ப் பார். ட்ரெய்லரோடு மன்ஹாட்டனுக்குள் போகிற சுரங்கங்களை நினைத்தும் பார்க்காதே.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை வரைக்கும் கிளம்பாதே, ஆபீஸ் கூட்டம் வடியட்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பாலமும் அதற்கு அப்புறம் வரும் கிராஸ் பிராங்ஸ் ரோடும் உனக்கு வேண்டாம். ஐ-287இல் வடக்கே சுற்றி, மரியோ குவோமோ பாலத்தில் ஹட்சன் ஆற்றைக் கட. அதை எங்கள் ஆட்கள் இன்னும் பழைய பெயரில் டாப்பன் ஸீ என்றுதான் சொல்கிறார்கள். ஆற்றைத் தாண்டி ஐ-287இலேயே போகும்போது மாப்பிள்ளையைப் பலகை படிக்கச் சொல். ஹட்சின்சனுக்கும் ஐ-684க்கும் எக்ஸிட்கள் பக்கம் பக்கமாக வரும். நான் தவறியது அந்த இடத்தில்தான். உனக்கு வேண்டியது ஐ-684. அது உன்னை ஐ-84இல் கொண்டுபோய் விடும். டான்பரி, வாட்டர்பரி, ஹார்ட்ஃபோர்ட். ஹார்ட்ஃபோர்டை மூன்று மணிக்கு முன்னால் தாண்டிவிட வேண்டும் என்பதைக் கணக்கில் வை. ஐ-84 முடிகிற ஸ்டர்பிரிட்ஜில் ராத்திரி தங்கல். மறுநாள் ஐ-90, ஐ-290, ஐ-495 (வாஷிங்டனைச் சுற்றுகிற ஐ-495 வேறு) என்று மாறினால் பாஸ்டனின் சுரங்கங்கள் ஒன்றும் எதிரே வராது. அதற்கப்புறம் மெய்ன் வரைக்கும் நேர் ரோடு.

ஊருக்குள் எந்த லேன்? மூன்று நான்கு லேன் இருந்தால் வலதிலிருந்து இரண்டாவது. கடைசி வலது லேனில் ஒவ்வொரு ராம்பிலிருந்தும் வண்டி வந்து நுழையும், ஒவ்வொரு தடவையும் நீ பிரேக் போட வேண்டியிருக்கும். ஹார்ட்ஃபோர்டில் இடப்பக்கம் பிரிகிற எக்ஸிட்களும் இருக்கின்றன, இடது ஓரம் போனால் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். முன்னால் நீ விடுகிற இடைவெளியில் யாராவது நுழைந்துகொண்டே இருப்பார்கள். கோபப்படாமல் மறுபடியும் இடைவெளி விடு. காலி ட்ரக் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. லேன் மாற வேண்டுமென்றால் சிக்னலைப் போட்டுவிட்டுக் காத்திரு, லாரிக்காரர்கள் வெளிச்சத்தை மினுக்கி இடம் கொடுப்பார்கள், பெரும்பாலும் அவர்கள்தான் கொடுப்பார்கள்.

எக்ஸிட்டைத் தவறவிட்டால் விட்டதுதான். கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பாதே. அடுத்ததில் இறங்கித் திரும்பி வா. நகரத்துக்கு முன்னால் அரை டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடு, லாரிகள் நிற்கிற பெரிய பங்க்காகப் பார்த்து. எந்தப் பங்க்கில் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம் என்பது மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் முந்தின நாளே தெரிந்துவிடும்.

ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதைப் பற்றி போனில் சொன்னது போதும் என்று நினைக்கிறேன். ஹிட்ச்மேல் விழுகிற பாரம் ட்ரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்கட்டும், கனமான சாமானைப் பின்கோடியில் அடைக்காதே. அறுபது மைலுக்கு மேல் போகாதே.

சனிக்கிழமை எங்காவது காலியான பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் பின்னோக்கி ஓட்டிப் பழகு. மாப்பிள்ளை பின்னால் நின்று கையைக் காட்டட்டும், அவர் உன் கண்ணாடியில் தெரிகிற இடத்தில்தான் நிற்க வேண்டும். ஞாயிறு காலை பாலத்தில் காற்று எப்படி என்று பார்த்துவிட்டு ஒரு மெசேஜ் போடு. நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்