சிட்டையும் பேரேடும்

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. சியாங் மாயிலிருந்து நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை அச்செடுத்து இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். சமூக மானுடவியல் நான் படித்த படிப்பு அல்ல. ஆனால் நீ எழுதப் போவது நம் தெருவையும் நம் வீட்டு மனிதர்களையும் பற்றியது என்பதால், மனத்தில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘பர்மாத் தமிழரின் அடையாளம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய். முதுகலை ஆய்வேட்டுக்கு அது தாங்காது, அம்மா. அதற்குள் 1930ஆம் ஆண்டு ரங்கூன் துறைமுகக் கலவரம் வரும். 1942இல் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா போனவர்கள் வருவார்கள். 1964இல் கடைகள் அரசுடைமையான பின் கப்பலேறியவர்கள் வருவார்கள். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போய், எதையும் நின்று பார்க்காமல் நீ முடித்துவிடுவாய் என்று அஞ்சுகிறேன். ஆனால் உன் திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு.” அந்த வரியை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி வை. உன் ஆய்வு அங்கேதான் இருக்கிறது.

நீ பிறந்த பதினாறாம் நாள், உன் பாட்டி உன்னை மடியில் கிடத்தி, நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் வைத்த பெயரை உன் காதில் மூன்று முறை சொன்னார். பள்ளியில் சேர்க்கப் போன அன்று ஆசிரியை செயாமா அந்தப் பெயரைப் பர்மிய எழுத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தார், அடித்தார், பேனாவை மூடி வைத்துவிட்டு, நீ பிறந்த கிழமை என்ன என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். அந்தக் கிழமைக்குரிய தகர வரிசையில் ஒரு பெயரைத் தேர்ந்து அவரே எழுதிக்கொண்டார். அவர் அன்பாகத்தான் செய்தார். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். நமக்கு நட்சத்திரத்துக்கு எழுத்து, பர்மியருக்குக் கிழமைக்கு எழுத்து. ஒரே குழந்தைக்கு இரண்டு கணக்குகள். இந்தப் பெயர்களில் எது திருமண அழைப்பிதழில் அச்சாகிறது, காளியம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு எதைச் சொல்கிறோம், சந்தையில் எதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோம், இழவு வீட்டில் எதைச் சொல்லி அழுகிறோம் என்று கேட்டுப் பார். அடையாளம் என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதாமலே அதைப் பற்றி முழுவதும் எழுதிவிடலாம்.

நீ அனுப்பிய கட்டுரைகளில் ரிவர்ஸ் என்ற மானுடவியலாளரைப் பற்றிப் படித்தேன். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்து, வம்சாவளியைக் கேட்டு எழுதும் முறையை அங்கே உருவாக்கியவர், பிறகு நம் நீலகிரியில் தோடர்களிடம் வந்தபோது, அவர்கள் இறந்துபோன உறவினரின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் என்பதைக் கண்டு, ஒருவருடைய வம்சாவளியை வேறொருவரிடம் கேட்டு எழுத வேண்டியிருந்தது என்கிறார்கள். படித்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது. குடும்பப் பட்டியலைப் புதுப்பிக்க அவரை அழைத்துப் போயிருந்தபோது எழுத்தர் கணவர் பெயரைக் கேட்டார். அம்மா முந்தானையை வாய் மீது வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். காது கேட்கவில்லையோ என்று எழுத்தர் குரலை உயர்த்தினார், நான்தான் சொன்னேன். அந்த மௌனத்தை உன் குறிப்பேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவாய்? யோசித்து வை, ஏனென்றால் ரங்கூனை அடுத்த சிரியம் பக்கத்துக் கிராமங்களுக்கு நீ போகும்போது அத்தகைய மௌனங்கள் உனக்கு நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று. நீ நம் பிள்ளை என்பதால் பெரியவர்கள் பாதியில் நிறுத்தி, “உனக்குத் தெரியாததா?” என்பார்கள். நீயும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய். அப்படிப் போய்விடக் கூடாது. “தெரியாது, சொல்லுங்கள்” என்று சொல்லி உட்கார்ந்திரு. அயலார் கேட்டால் பொறுமையாகச் சொல்வதை நம்மவர் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

குறிப்பு எழுதுவது பற்றி மட்டும் நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அது என் தொழில். அரிசி மண்டியில் கணக்கு எழுதிய உன் தாத்தா எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: நடந்ததை அன்றன்றே, நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுது, ஆள்வாரியாகப் பிரிக்கும் வேலையைப் பேரேட்டுக்கு விடு. சிட்டை எழுதும்போதே பேரேட்டை நினைத்தால், எந்தத் தலைப்பிலும் அடங்காத வரவு விட்டுப்போகும். உன் களக்குறிப்பும் அப்படித்தான். யார், எங்கே, எந்த நேரம், சொன்ன சொல் அப்படியே என்று இரவு படுக்கும் முன் எழுதிவிடு. உன் கருத்தைத் தனிப் பக்கத்தில் வை. வாரம் ஒருமுறை பேரேடு போடு: அழைப்பிதழ் ஒரு தலைப்பு, பள்ளி ஒரு தலைப்பு, இறப்பு ஒரு தலைப்பு. எழுத வேண்டிய இயல்கள் அங்கேதான் தெரியும்.

எழுதியதற்குப் படி எடுத்து வேறிடத்தில் வை. 1939இல் நம் கச்சின் மலைக்கு வந்த மானுடவியலாளர் எட்மண்ட் லீச், போரில் தம் குறிப்புகளை இழந்து, நினைவிலிருந்தும் பழைய ஆவணங்களிலிருந்தும் எழுதிய நூல் 1954இல்தான் வெளிவந்தது. அவருக்கு அது முடிந்தது. உனக்கு அடுத்த மே மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

பெயரை ஆராய்கிற உனக்கு, பெயரை மறைக்கும் கடமையும் இருக்கிறது. ஒப்புதல் ஒருமுறை வாங்கினால் போதும் என்று நினைக்காதே. பேச்சு அடையாள அட்டை பக்கம் திரும்பும்போது மறுபடியும் கேள். ஆளின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நம் ஊரில், “கோயில் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த மூத்த மகள்” என்று எழுதினாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தொழிலை மாற்று, தெருவை மாற்று. சந்தேகம் வந்தால் அந்தப் பகுதியையே விட்டுவிடு. நீ பட்டம் வாங்கிய பிறகும் அவர்கள் இங்கேதான் இருக்க வேண்டும்.

எழுதத் தொடங்கும்போது முன்னுரையில் தொடங்காதே. அதைக் கடைசியில் எழுது. களத்தில் பார்த்த ஒரு காட்சியை முழுதாக நாலு பக்கம் எழுதி வழிகாட்டியிடம் கொடு. பிறர் நூல்களை வரிசையாகச் சுருக்கி ஓர் இயல் செய்யாதே. கேள்வி கேட்கும் இடத்தில் அவர்களைக் கூப்பிடு.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நம் வீட்டு வம்சாவளி, மூன்று தலைமுறைக்கு, ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்களோடு. உன் பெரிய அத்தையிடம் கேட்டு எழுதியது. அவர் கணவர் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். மாமாவின் பெயர் எனக்கும் உனக்கும் தெரியும். ஆனால் அத்தை சொல்லவில்லை, அதனால் நான் எழுதவில்லை. அங்கே என்ன எழுதுவது என்பதை நீ முடிவு செய்.

அன்புடன்,
அப்பா