சத்தப் பந்துக்கு முன் பலகையும் அமைதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்க முன்வரும் கழகங்கள் முதலில் கேட்பது, "சத்தம் போடும் பந்து எங்கே கிடைக்கும்?" என்றுதான். பந்து மட்டும் வந்து சேர்ந்தால், அதை எல்லைக்கு வெளியே தேடிப் பிடிப்பதிலேயே பயிற்சி நேரம் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் களம் 40க்கு 20 மீற்றர். நீளப் பக்கங்கள் இரண்டிலும் ஒரு மீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில் பலகை அடைக்க வேண்டும். பந்து பலகையில் பட்டு உள்ளே திரும்புவதால் பக்கவாட்டில் எறிதல் இல்லை. கையால் தடவியும், பலகையில் பட்டு வரும் ஒலியைக் கேட்டும் வீரர் தாம் நிற்குமிடத்தை அறிவார். 8க்கு 4 அடி பிளைவூட்டைக் கிடையாக நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு 17, மொத்தம் 34 பலகைகள் வேண்டும். முட்டுக்கால்களும் ஆணி முனைகளும் வெளிப்புறமே இருக்கட்டும். மேல் விளிம்பில் சிராய் இருந்தால் முதல் நாளே விரல்கள் கிழியும்.

பந்தின் தோலுக்குள் கிலுக்குகள் இருக்கும். எடை 510 முதல் 540 கிராம். வழக்கமான பந்தை விடக் கனம், துள்ளலும் குறைவு. உருளும்போதுதான் அது ஒலிக்கும், நின்றால் ஊமை. ஆகவே பந்தை இரு பாதங்களின் உட்புறத்துக்கும் இடையே ஓயாமல் தட்டிக்கொண்டு ஓடுவதே முதற்பாடம். பழகுவதற்குச் சாதாரணப் பந்தைச் சரசரக்கும் பொலித்தீன் பையில் கட்டலாம். கிழியக் கிழிய மாற்ற வேண்டும். கடற்கரை மணல் சரிவராது, பந்து புதைந்து மௌனமாகிவிடும்.

களத்து வீரர் நால்வருக்கும் கண் மறைப்பு கட்டாயம். சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். அந்தச் சிறு வேறுபாட்டையும் மறைப்பு நீக்குகிறது. பந்தை நோக்கிப் போகிறவர் "வோய்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் அது நம் "வாறன்" போன்றது. சொல்லாமல் போனால் தவறு. இந்த ஒரு விதியில் மட்டும் பயிற்றுநர் இளகவே கூடாது, ஏனெனில் தலையோடு தலை மோதுவது இங்கேதான்.

பந்துக் காப்பாளருக்குப் பார்வை உண்டு. ஆனால் கோல் முன்னுள்ள சிறு கட்டத்தை விட்டு வரமுடியாது. தற்காப்புப் பகுதியில் அவரும், நடுவில் பயிற்றுநரும், எதிரணிக் கோலின் பின்னால் வழிகாட்டியும் குரல் கொடுப்பார்கள். மூவரும் ஒரே நேரம் கத்தினால் வீரருக்கு எதுவும் புரியாது, அதனால்தான் பகுதி பிரித்திருக்கிறார்கள். 6 மீற்றர் தண்ட உதைக்கு முன் வழிகாட்டி இரு கோல் கம்பங்களையும் தட்டிக் காட்டுவார்.

பரிஸ் நகரில் 2024இல் ஈபிள் கோபுரத்தடியில் பிரான்சும் ஆர்ஜென்டீனாவும் மோதிய பராலிம்பிக் இறுதியாட்டத்திலும், பந்து ஓடும் வேளையில் பார்வையாளர்கள் வாய்மூடித்தான் இருந்தார்கள். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் இதற்குத் தோதில்லை. காதில் காற்றிரைச்சல்தான் நிறையும். காலை 6 முதல் 8 மணிவரை ஏகாம்பரம் மைதானத்தின் ஒரு மூலையை ஒதுக்கி, அந்த இரண்டு மணிநேரமும் அருகில் ஒலிபெருக்கி போடாமல் இருந்தால் போதும், பயிற்சியைத் தொடங்கலாம்.

உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள்,
திருகோணமலை.