ஒன்றேமுக்கால் முழம் பூ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்விப் பக்கக் கட்டுரையில் 'சில பிள்ளைகளுக்குக் கணக்கு இயல்பாகவே வராது' என்று ஒரு வரி வந்திருந்தது. அரசுப் பள்ளியில் 31 வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

என் ஏழாம் வகுப்பில் பூக்கட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பலகையில் 7/4 × 20 என்று எழுதினால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள், 'முழம் இருபது ரூபாய், ஒன்றேமுக்கால் முழம் என்ன விலை?' என்றேன். நான் கேட்டு முடிப்பதற்குள் 'முப்பத்தஞ்சு டீச்சர்' என்றாள். அவள் கையாலேயே ஒரு முழம் நார் அளந்து நாலாக மடிக்கச் சொன்னேன். ஒரு மடிப்பு ஐந்து ரூபாய்; அப்படி ஏழு. நாரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். 'இதைத்தானா டீச்சர் அப்படி எழுதியிருக்கீங்க?' என்றாள். இந்தப் பிள்ளைக்கா கணக்கு வராது?

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் இப்படிப்பட்டவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர். எப்படியாவது 35 வாங்க வைக்க வேண்டும். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று அந்த 16 மதிப்பெண்ணையே திரும்பத் திரும்பப் போட வைப்போம். தொடுகோடு ஏன் அங்கே வருகிறது என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. விளையாட்டு பீரியடையும் நாங்களே வாங்கிக்கொள்வோம். நானும் செய்திருக்கிறேன், தப்புதான். அப்புறம் எப்படிக் கணக்கு பிடிக்கும்?

உங்கள் பங்கும் இதில் உண்டு, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். தேர்வு முடிவு வந்தால் நூற்றுக்கு நூறு எத்தனை பேர் என்பதே உங்கள் தலைப்பு. டிசம்பர் 22, கணித மேதை ராமானுஜன் பிறந்தநாள் என்று அவர் படம் போடுகிறீர்கள். எங்கள் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடைபோடாதீர்கள் என்று அந்தப் படத்துக்குக் கீழே ஒருமுறையாவது எழுதியதுண்டா?

உங்கள் சிறுவர் பக்கத்தில் முன்பு வாராவாரம் ஒரு கணக்குப் புதிர் வரும். அதை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுவோம். மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டே அதற்காகச் சண்டை போடுவார்கள். மூன்று வருடமாக அந்த இடத்தில் டியூஷன் சென்டர் விளம்பரம்தான் வருகிறது. தயவுசெய்து புதிரைத் திரும்பப் போடுங்கள். விடையை அன்றே தலைகீழாக அச்சிட வேண்டாம், அடுத்த வாரம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கும்பகோணம்