கடன் சம்மன்: அசலா, போலியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடன் வசூல் பெயரில் வரும் போலி சம்மன்கள் பற்றிய எச்சரிக்கைகள் அவசியமானவைதான். ஆனால் அந்தப் பயத்தில் அசல் சம்மனையும் போலி என்று தூக்கிப் போட்டுவிட்டால் இழப்பு பெரிது. நீங்கள் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் பற்று உத்தரவு அலுவலகத்துக்கு வரும்போதுதான் விஷயமே தெரியவரும்.

சரிபார்க்க, தாளில் உள்ள செல்பேசி எண்ணுக்குப் பேசாதீர்கள். போலி என்றால் மறுமுனையில் இருப்பவரும் அவர்கள் ஆள்தான். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் அதிகாரபூர்வ ஈகோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண்ணை இட்டுப் பாருங்கள். அது 16 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டு வழக்கென்றால் 'டிஎன்' என்று தொடங்கி, ஆண்டில் முடியும். அந்த எண் இல்லையென்றால் வழக்கு எண்ணும் ஆண்டும், அல்லது உங்கள் பெயரும் வழக்கு பதிவான ஆண்டும் போதும். வழக்கு கிடைத்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். வேறு யாருடைய அசல் எண்ணையும் போலித் தாளில் போட முடியும். வாதி பெயர், பிரதிவாதி பெயர், அடுத்த வாய்தா தேதி மூன்றும் பொருந்த வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அந்த நீதிமன்ற அலுவலகத்துக்கே தாளோடு போய்க் கேட்டுவிடலாம்.

உரிமையியல் வழக்குச் சம்மனில் நீதிமன்ற முத்திரையும் கையொப்பமும் இருக்கும். பிராதின், அதாவது வாதியின் வழக்கு மனுவின், நகல் இணைந்திருக்கும். காசோலை திரும்பிய வழக்கு குற்றவியல் நடைமுறையில் வருவது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். மின்னணு வழிச் சம்மனையும் ஏற்கிறது. ஆகவே போனில் வந்தது என்பதாலேயே அதை ஒதுக்கிவிட முடியாது.

பலர் இடறுவது இன்னோரிடத்தில். ஈகோர்ட்ஸில் இல்லாததெல்லாம் போலி அல்ல. 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலுமான வங்கிக் கடன் வழக்குகள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அதற்குத் தனித் தளம் உண்டு. நிதி நிறுவனங்கள் நியமிக்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) அனுப்பும் நோட்டீசும் பார்க்கச் சம்மன் போலவே இருக்கும். அது நீதிமன்றச் சம்மன் அல்ல, ஆனாலும் கிழித்துப் போடக் கூடாது. நடுவர் தரும் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற முடியும். ஒரு தரப்பே தன்னிச்சையாக நடுவரை நியமித்திருந்தால் எழுத்து மூலம் உடனே ஆட்சேபிக்கலாம். வழக்கறிஞர் நோட்டீசும் சம்மன் அல்ல. ஆனால் காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் என்றால், கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான்.

"இன்று மாலைக்குள் இந்த க்யூஆர் குறியீட்டில் கட்டு, இல்லையேல் கைது" என்று எந்த நீதிமன்றமும் எழுதாது. அப்படி வந்தால் பணம் அனுப்பாமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அசல் என்று தெரிந்தால் நாள் கணக்குதான் முக்கியம். சாதாரண உரிமையியல் வழக்கில் எதிருரை, அதாவது உங்கள் எழுத்து மூலப் பதில், தாக்கல் செய்ய, சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 வரை. எழுத்து ஆவணத்தின் பேரில் விரைவாக முடிக்கும் சுருக்கமுறை வழக்கு என்றால் முன்னிலையாக 10 நாளே உண்டு. எனவே உறையின் மேலேயே கிடைத்த தேதியைக் குறித்துவிடுங்கள். வாங்க மறுப்பதால் பயனில்லை. கதவில் ஒட்டிவிட்டுச் சம்மனைச் சேர்ப்பித்ததாக நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் அழைக்கலாம்.

சி.என்.ஆர். எண்ணைப் பெரிய எழுத்தில் தாங்காமல் ஒரு சம்மனும் வெளியே போகக் கூடாது. இதை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இப்படிக்கு,
கடன் வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்கள் சிலர்