சுற்றுச்சூழல் அறிவியல் வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் அமைப்பாளர்களுக்கும் விடைத்தாள் திருத்துவோருக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளில் சுற்றுச்சூழல் அறிவியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஓர் ஆசிரியராக இதை எழுதுகிறேன். தேர்வு நெருங்கும் வாரங்களில் என் மாணவர்கள் வரையறைகளையும் காரணங்களையும் தடுப்பு முறைகளையும் தனித்தனித் தாள்களில் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தானே படிக்கிறார்கள். ஆகவே, பாடங்களை இணைத்துச் சிந்திக்க வைக்கும் வினாக்களைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ 10 விழுக்காடு ஆற்றலே அடுத்த நிலைக்குச் செல்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தாவரங்களில் 10,000 ஜூல் இருந்தால் தாவர உண்ணிகளுக்கு 1,000, அவற்றை உண்பவற்றுக்கு 100 என்று நொடியில் கணக்கிட்டுவிடுவார்கள். வேறொரு பாடத்தில், பாதரசம் போன்ற நச்சுகள் அதே சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவு மிகும் என்று படித்து, ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட, பாதரசம் கலந்த மீன்களை உண்டதால் வந்த நோயை எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். ஆற்றல் குறைந்துகொண்டே போகும் பாதையில் நஞ்சு மட்டும் ஏன் கூடுகிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. உண்ட உணவின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடுவதால் ஓர் உயிரினம் தன் வாழ்நாளில் உடல் எடையைப் போலப் பல மடங்கு இரையை உண்ண வேண்டியிருக்கிறது. அந்த இரையிலிருந்த, பாதரசத்தின் கரிமச் சேர்ம வடிவமான மெத்தில் பாதரசமோ எளிதில் வெளியேறாமல் திசுக்களில் தங்கிவிடுகிறது. ஆக, முதல் பாடத்திலேயே இரண்டாம் பாடத்துக்கான விளக்கம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து ஒரே ஒரு வினா கேட்கப்பட்டிருந்தால், இதை நான் வகுப்பில் வற்புறுத்த வேண்டியே இருந்திருக்காது.

ஓசோன் துளையால்தான் புவி சூடாகிறது என்று எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனையும் சிதைக்கின்றன, வெப்பத்தையும் பிடித்துவைக்கின்றன. இரண்டு பாடங்களிலும் அதே பெயர் வருவதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. ஓசோன் தடுப்பது சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களை, பசுமை இல்ல வாயுக்கள் ஏற்பது புவியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை என்ற வேறுபாட்டை, அந்தத் தவறான கூற்றையே கொடுத்துத் திருத்தி எழுதச் சொன்னால் மாணவர்கள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள். மாறாக, ஓசோனைச் சிதைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மாண்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தான ஆண்டு எது என்பதே ஒரு மதிப்பெண் வினாவாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 1987 என்ற விடை தெரிந்த மாணவருக்கு, இந்தப் பொருள்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இலேயே விடுத்த எச்சரிக்கைக்கும், அண்டார்டிகாவின் மேலே ஓசோன் குறைந்திருப்பது 1985-இல் அறிவிக்கப்பட்டதற்கும் பின்னரே அது வந்தது என்பது தெரிவதில்லை.

வரைபடங்களையும் கொடுங்கள். ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் அளக்கப்பட்டுவரும் கார்பன் டை ஆக்சைடின் வளைகோடு, மில்லியனுக்கு 315 பகுதிகள் என்ற அளவிலிருந்து 420-ஐத் தாண்டி ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்துக்குள்ளேயே ஆண்டுக்கொரு முறை சிறு ஏற்றமும் இறக்கமும் தெரிவது ஏன் என்று கேட்டால், வட அரைக்கோளத் தாவரங்கள் கோடையில் செய்யும் ஒளிச்சேர்க்கையை மாணவர்கள் தாமே அந்தக் கோட்டில் கண்டுபிடிப்பார்கள்.

விடைத்தாள் திருத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். உரம் கலந்த ஏரியில் மீன்கள் மடிவது பற்றிய வினாவுக்கு, பாசிகள் பெருகி, அவை மடிந்தபின் அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன என்று என் மாணவி ஒருத்தி தன் சொற்களில் பிழையின்றி எழுதியிருந்தாள். 'மிகையூட்டம்' என்ற கலைச்சொல் இல்லை என்பதற்காக அவளுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. அடுத்த தேர்வுக்கு அவள் அந்தச் சொல்லை மட்டும் படித்துக்கொண்டு வந்தாள், விளக்கத்தை விட்டுவிட்டாள். காரணத் தொடரைச் சரியாக எழுதியவருக்கு, கலைச்சொல் விடுபட்டிருந்தாலும் உரிய மதிப்பெண் வழங்க வேண்டுமென்று விடைக்குறிப்பிலேயே குறிப்பிடுங்கள். பாடங்களை இணைத்துக் காரணம் கேட்கும் வினாக்களுக்கான மாதிரிகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சுற்றுச்சூழல் அறிவியல் ஆசிரியர்