மணம் போச்செண்டா காஸ் போச்செண்டு இல்ல

மச்சான்,

என்ன மாதிரி? உன்ர வொய்ஸ் மெசேஜ் கேட்டு ரெண்டு நாளாச்சு, இஞ்ச தம்பலகாமத்தில பெரும்போக வெட்டு தொடங்கிட்டுது, மிசின்காரனுக்குப் பின்னால திரியிறதே வேலையாக் கிடக்கு.

மூதூரில சாணித்தொட்டி கட்டுறியாம், நல்லதுதான், 2021ல அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டேக்க சாணிக்கு வந்த மரியாதைய ரெண்டு பேரும் பாத்தம்தானே. ஆனா கொங்கிறீட் மூடி போட்டு அடைக்கப்போறன், சாணிக்கரைசல் இழுக்கிற பம்பு அடைச்சா ஆள உள்ள இறக்கலாம் எண்டியே, அதுக்குத்தான் எழுதுறன்.

எங்கட தொட்டியிலயும் போன மாசம் பம்பு அடைச்சிட்டுது. மனிசின்ர தம்பி மூடியத் தூக்கிப்போட்டுத் தடியால கலக்கினான், அழுகின முட்டை மணம் குப்பெண்டு வந்துது, கொஞ்சத்தால "மணம் போட்டுது அத்தான், இறங்குறன்" எண்டு ஏணிய வைக்கிறான். கையப் பிடிச்சு இழுத்துப்போட்டன். மணம் போகேல்லடா, மூக்குத்தான் செத்துப்போச்சு. அந்த முட்டை மணக் காஸ், ஹைட்ரஜன் சல்பைட், 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்தில 100 பங்கு) கிட்ட வந்தா மணமே தெரியாது, 500க்கு மேல ஆள் விழும், 1000 எண்டா ரெண்டொரு மூச்சோட சரி. காத்த விடப் பாரம், அடியிலயே கிடக்கும். சும்மா கிடக்கிற சாணிக்குள்ள அடைபட்டிருக்கிறது கலக்கேக்கதான் ஒரேயடியா வெளிய வரும், அவன் செய்தது சரியா அந்த வேலை.

இதுக்குள்ள பக்கத்து வீட்டு அப்பு லாம்போட வாறார்! பழங்கிணத்துக்குள்ள கயித்தில லாம்பு விட்டு, அணைஞ்சா இறங்கமாட்டினமே, அந்த யோசினை. இதுக்குள்ள மீதேன் எண்ட எரியிற காஸும் இருக்கு அப்பு, காத்தில 5 இல இருந்து 15 வீதம் கலந்திருந்தா நெருப்புப் பட்ட உடன வெடிக்கும் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினன், மனுசனுக்குக் கோவம், இன்னும் கதைக்கேல்ல.

எனக்குப் பயம் என்னெண்டா, அவன் விழுந்திருந்தா நானும் பாஞ்சிருப்பன். தூக்கப்போனவனும் செத்து, அப்பன் மகன் எண்டு ஒரே வீட்டில அடுத்தடுத்துப் போன கதை எத்தின நாட்டில நடந்திருக்கு. கொரோனா மாஸ்க் இதுக்கு ஒண்டுக்கும் உதவாது, வெளிய நிண்டு அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிக்கிறதுதான்.

நீ பம்ப சங்கிலியில தொங்கவிடு, மேல இருந்தே தூக்கலாம். தொட்டி வாய்க்குக் கம்பி வலையும் போடு, பிள்ளையள் ஓடித்திரியிற வளவு. மேசன் மூடி வார்க்க முதல் எனக்கு ஒரு போன் கோல் எடு, வெட்டு முடிஞ்சா நானே வாறன், தயிர்ச்சட்டி ரெண்டு எடுத்து வை.