வயலில் வாழும் உயிர்கள் யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வனவிலங்குப் பாதுகாப்பு பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் காடு, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. உலகின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது பயிர் நிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருக்க, அங்கே வாழும் உயிர்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட பல்லுயிர் ஒப்பந்தத்திலும் இதைக் காணலாம். 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்னும் மூன்றாம் இலக்கு பரவலாகப் பேசப்பட்டது. பூச்சிக்கொல்லிகளால் நேரும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் ஏழாம் இலக்கையும், வேளாண் நிலங்களைப் பல்லுயிர்களுக்கு இடம் தரும் வகையில் பேணச் சொல்லும் பத்தாம் இலக்கையும் நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே.

எல்லைக்கல் நட்டுக் காத்த நிலமும் தன்னைச் சூழ்ந்த வயல்களிலிருந்து தப்புவதில்லை. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுக் காலத்தில் பொறி வைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளை எடை பார்த்தவர்கள், அந்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதை 2017-இல் வெளியிட்டனர். அவ்விடங்களில் பெரும்பாலானவை நாற்புறமும் விளைநிலங்களால் சூழப்பட்டவை என்பதை அந்தச் செய்தியைப் படித்த பலர் கவனிக்கவில்லை.

வயலில் உயிர்கள் குறைவதற்கு நஞ்சு ஒரு பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. 28 ஐரோப்பிய நாடுகளின் பறவைக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, பூச்சிக்கொல்லிகளையும் உரங்களையும் மிகுதியாகப் பயன்படுத்தும் தீவிர வேளாண்மையையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. ஆனால் நஞ்சை மட்டும் பேசுவதால், அதைவிட நுட்பமான ஒன்று நம் கண்ணில் படாமல் போகிறது என்பது என் கருத்து. விதைக்கும் பருவம் மாறினாலே ஓர் உயிரினம் வீழ்ந்துவிடக்கூடும். பிரிட்டனின் வானம்பாடி இதற்குத் தெளிவான சான்று. தரையில் கூடு கட்டும் இப்பறவை, ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால்தான் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். அங்கே தானியங்களை வசந்த காலத்தில் விதைத்து வந்தவரை, கூடு கட்டும் மாதங்களில் பயிர் குட்டையாகவே இருந்தது. விதைப்பு இலையுதிர் காலத்துக்கு மாறிய பிறகு, முதல் ஈட்டுக் குஞ்சுகள் பறப்பதற்குள் பயிர் உயர்ந்து அடர்ந்துவிடுகிறது. இரண்டாம் கூட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. அறுவடைக்குப் பின் குளிர்காலம் முழுவதும் வயலில் நின்ற தாளும், அதன் நடுவே சிந்திக் கிடந்த மணிகளும், முன்கூட்டியே உழுதுவிடுவதால் இல்லாமல் போயின. வேறு பல காரணங்களும் சேர்ந்து, அந்நாட்டின் வயல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கையைக் காட்டும் குறியீடு 1970-ஐ ஒப்பிட ஏறத்தாழ 60 சதவீதம் வீழ்ந்திருக்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட தீர்வும் எளிமையானதுதான். விதைக்கும்போது கருவியைச் சில நொடிகள் தூக்கிப் பிடித்து, ஏக்கருக்கு ஒன்று என்ற அளவில், ஒரு சிறிய அறையின் பரப்புள்ள இடத்தை விதைக்காமல் விட்டுவிட வேண்டும். இழக்கும் விளைச்சல் மிகச் சொற்பம். வானம்பாடிக்கோ இறங்கி இரை தேட இடம் கிடைக்கிறது.

இன்னொரு பாடத்தை ஐரோப்பா தற்செயலாகக் கற்றது, கற்றதைத் தற்செயலாகவே கைவிட்டது. களஞ்சியங்களில் தானியம் தேங்கி நின்ற 1988-இல், நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாக விட விரும்பும் உழவர்களுக்கு இழப்பீடு தரும் முறை வந்தது; 1992-இல் உதவித்தொகை பெறும் பெரும் உழவர்களுக்கு அது கட்டாயமாயிற்று. உற்பத்தியைக் குறைப்பதே அதன் நோக்கம்; பறவைகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இருந்தும் அந்தத் தரிசுகளில் களைகள் பூத்தன, பூச்சிகள் பெருகின, பறவைகள் மேய்ந்தன. தானிய விலை ஏறியவுடன் 2008-இல் அந்த முறை நீக்கப்பட்டது, தரிசுகளும் மீண்டும் உழவுக்கு வந்தன. சந்தை நிலவரத்தின் தயவில் கிடைத்த பாதுகாப்பு சந்தை மாறியதும் போய்விட்டது.

வயலையும் பறவையையும் தெரிந்தே சேர்த்துப் பார்த்த இடமும் உண்டு. ஜப்பானின் சாடோ தீவில் இயற்கையில் எஞ்சியிருந்த ஐந்து கொண்டை அரிவாள் மூக்கன் பறவைகளை 1981-இல் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். அவற்றின் வழி இனம் பெருகவில்லை, ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-இல் இறந்தது. அதே 1981-இல் சீனத்தின் ஷான்ஷி மாகாணத்தில் ஏழு பறவைகள் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அந்த மரபில் வந்த பறவைகளை 2008 முதல் சாடோவில் வெளியே விட்டார்கள். சேற்று நீரில் மீனும் தவளையும் பூச்சியும் தேடித் தின்னும் அப்பறவைக்கு நெல்வயல்தான் காடு. எனவே அத்தீவின் உழவர்கள் பலர் பூச்சிமருந்தையும் செயற்கை உரத்தையும் பாதியாகக் குறைத்தனர். குளிர்காலத்திலும் வயலில் நீர் நிறுத்தினர். பயிருக்காக நீரை வடிக்கும் நாட்களில் மீன்கள் ஒதுங்குவதற்கு வயலோரத்தில் பள்ளம் வெட்டி வைத்தனர். அப்படி விளைந்த அரிசிக்குத் தனிச் சான்று வழங்கிக் கூடுதல் விலை கிடைக்க வழி செய்யப்பட்டது. இன்று அங்கே நூற்றுக்கணக்கான பறவைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. பறவையைக் கூண்டில் காத்தபோது கிடைக்காத பலன், வயல் திருந்தியபோது கிடைத்தது.

இதற்கெல்லாம் விளைச்சலைப் பலி கொடுக்க வேண்டுமே என்று கேட்பது நியாயமானதுதான். இங்கிலாந்தில் ஒரு பெரிய பண்ணையில் ஆறு ஆண்டுகள் நடத்திய சோதனை, 2015-இல் வெளியானது. வயலோரங்களில் 8 சதவீதம் வரையிலான நிலத்தைப் பூச்செடிகளுக்கும் புதர்களுக்கும் விட்டுக்கொடுத்த பிறகும் மொத்த விளைச்சல் குறையவில்லை என்பது அதன் முடிவு. ஓரத்து மண் எப்படியும் வளம் குன்றியது. அங்கே பெருகும் தேனீக்களும் இரைகொல்லிப் பூச்சிகளும் நடு வயலுக்கு உதவின. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 435 இடங்களை ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு இதைவிட வியப்பானது. வயலின் சராசரிப் பரப்பை 5 ஹெக்டேரிலிருந்து 2.8 ஹெக்டேராகச் சுருக்குவதால் பல்லுயிர்களுக்குக் கிடைக்கும் நன்மை, இயற்கைத் தாவரப் பரப்பை 0.5 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக உயர்த்துவதற்கு இணையானது என்று அது கண்டது. வயல் சிறிதானால் வரப்பு நீளும்; உயிர்களில் பல வரப்பில்தான் ஒதுங்குகின்றன. சிறு நிலங்களை ஒன்றாக்கி, வேலிப்புதர்களை அகற்றி, இயந்திரம் திரும்ப வசதியாகப் பரந்த வயல் செய்வதை முன்னேற்றம் என்று எழுதும்போது இதையும் நாம் நினைக்க வேண்டும்.

காட்டுப்பன்றியும் யானையும் ஒரே இரவில் அழித்த பயிருக்கு முன்னால் நிற்கும் உழவரிடம் பல்லுயிர் வளம் பற்றிப் பேசுவது எளிதல்ல என்பதை நான் அறிவேன். இழப்பீடு தாமதமின்றி வராத இடத்தில் எந்த அறிவுரையும் எடுபடாது. மேலும், வரப்பையும் தரிசையும் உயிர்களுக்காக விட்டுவைப்பவர் ஒரு பொது வேலையைச் செய்கிறார். அதற்கான கூலியை, விளைபொருளின் விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத வகையில், அரசுகள் தர வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பருவம்தோறும் சாகுபடிப் பரப்பையும் விளைச்சலையும் செய்தியாக வெளியிடும்போது, அதே வயல்களில் எண்ணப்பட்ட பறவைகள், தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய கணக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அப்படியொரு கணக்கே எடுக்கப்படாத இடங்களில், ஏன் எடுக்கவில்லை என்று பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்